பழைய ராணுவ ரைஃபிளுக்குப் புதுக் கட்டை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எந்த ரைஃபிளைப் பற்றி இந்தப் பக்கம்?

லீ-என்ஃபீல்டு குடும்பத்தைப் பற்றி. கட்டை என்பது இரும்பைத் தாங்கும் மரப் பாகம்: குழலுக்குக் கீழே இருப்பது முன் கட்டை, தோளில் வைக்கும் பின்பாகம் பட் (பட்டு). 1907-இல் பிரிட்டிஷ் ராணுவம் எடுத்துக்கொண்ட, .303 தோட்டா போடும் மார்க் 3 ரைஃபிள்தான் மூலம். வங்காளத்தில் இருக்கும் இச்சாப்பூர் தொழிற்சாலை அதைப் பல பத்தாண்டுகள் செய்தது. 1960-களில் அதே வடிவத்தை 7.62 மி.மீ. தோட்டாவுக்கும் மாற்றிச் செய்தார்கள். இந்த இரண்டும் அரசுப் படைகளுக்கானவை. .303-க்குச் சாதாரணமாகத் தனியார் உரிமம் தரமாட்டார்கள்.

வட சென்னையில் எங்கள் பட்டறைக்கு வருபவை பெரும்பாலும் தனியார் உரிமத்தில் வைத்திருக்கும் .315 ரைஃபிள்கள். இரும்பு உடலும், தோட்டா அறையை மூடும் போல்ட்டும் லீ-என்ஃபீல்டு, குழலும் தோட்டாவும் வேறு, முன் கட்டை குட்டை. ராணுவத்தில் இருந்து ஓய்வுபெற்று, வியாசர்பாடி, பெரம்பூர், திருவொற்றியூர் பக்கம் குடியிருந்து, வங்கிக் காவலுக்குப் போகிறவர்கள் கையில் இருப்பது இதுதான். கட்டை வேலை மார்க் 3-க்கும் .315-க்கும் அநேகமாக ஒன்றே. எங்கே வேறுபடுகிறதோ அங்கே சொல்கிறேன்.

நானே வீட்டில் செய்யலாமா? தெரிந்த ஆசாரி ஒருவர் இருக்கிறார், அவரிடம் கொடுக்கலாமா?

ஆசாரியிடம் துப்பாக்கியைக் கொடுக்கவே கூடாது. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5-ஆம் பிரிவுப்படி, துப்பாக்கியைப் பழுதுபார்க்கவும் தனியாக உரிமம் வேண்டும். உங்கள் பெயரில் இருக்கும் உரிமம், வைத்திருக்கவும் எடுத்துப்போகவும் மட்டும்தான். ஆசாரி எவ்வளவு கைகாரராக இருந்தாலும், அவர் கடையில் ஒரு ராத்திரி துப்பாக்கி கிடந்தால் இரண்டு பேருக்குமே வழக்கு.

கட்டை வெறும் மரம்தானே என்று கேட்பவர்கள் உண்டு. மரத்தை யாரும் செதுக்கலாம், சரி. ஆனால் அந்த மரம் இரும்பில் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்க்க, இரும்பு பக்கத்தில் இருந்தாக வேண்டும். அதனால் உரிமம் பெற்ற பட்டறையில் கொடுத்து, ரசீதில் துப்பாக்கி எண்ணை எழுதி வாங்குங்கள். எண் என்பது இரும்பு உடலில் இருப்பது. பழைய கட்டையிலும் எண் அடித்திருக்கும், அதை வைத்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம். கீழே உள்ளதெல்லாம் உங்கள் துப்பாக்கிக்கு என்ன செய்யப் போகிறார்கள் என்று தெரிந்துகொண்டு, சரியான கேள்வி கேட்பதற்காக.

கட்டையை மாற்றித்தான் ஆக வேண்டுமா?

பாதிப் பேருக்கு வேண்டாம். பட் ஆடுகிறது என்றால் திருகை முறுக்கினால் போதும். பள்ளம் விழுந்திருந்தால் ஈரத்துணியைப் போட்டு, மேலே இஸ்திரிப் பெட்டியை வைத்தால் மரம் தானாக எழும்பி வரும். நார் அறுந்த வெட்டுக்காயம் மட்டும் எழும்பாது. எண்ணெய் குடித்துக் கருத்துப்போன கட்டைக்குச் சாக் தூளைத் தின்னரில் குழைத்துப் பூசி, மே மாத வெயிலில் வைத்தால் எண்ணெய் வெளியே வந்துவிடும். நம் ஊர் வெயில் உருப்படியாகப் பயன்படும் வேலை அது ஒன்றுதான்.

மாற்ற வேண்டியது எப்போது என்றால், முன் கட்டையின் பின்முனை பிளந்திருக்கும்போது. டிரிகருக்கு மேலே, பட்டைப் பார்த்திருக்கும் அந்த முனையில் மயிரிழை போல ஒரு விரிசல் ஓடும். சின்னதாக இருந்தால் ஒட்டிவிடலாம். உள்ளே, சுடும்போது இரும்பு வந்து இடிக்கும் மரத் தோள்களும் நசுங்கி, மரம் எண்ணெயில் பஞ்சாகிப் போயிருந்தால் ஒட்டு நிற்காது. அணிவகுப்புக்கு மட்டும் பயன்படுகிற, சுட முடியாதபடி செய்த ரைஃபிள்களில் உடைவது வேறு இடம். சிமெண்டுத் தரையில் தினமும் 'டக்'கென்று வைத்து வைத்து பட்டின் குதிகால் தெறித்துப்போகும்.

பழைய கட்டை ஒன்று கிடைத்திருக்கிறது. அதே மாடல்தான். அப்படியே மாட்டலாமா?

மாட்டலாம், மாட்டும். உட்காராது. இந்த வேலையில் பணம் வீணாவது பெரும்பாலும் இங்கேதான். தொழிற்சாலையில் ஒவ்வொரு கட்டையையும் ஓர் ஆள் உட்கார்ந்து அந்தந்த உடலுக்கு ஏற்பச் செதுக்கிப் பொருத்தினான், அதனால்தான் கட்டையிலும் எண் அடித்தார்கள். வேறொரு துப்பாக்கியில் ஐம்பது வருடம் இருந்த கட்டை அந்தத் துப்பாக்கிக்குப் பழகியது. திருகு எல்லாம் ஏறும், வெளியே பார்க்க அழகாக இருக்கும், உள்ளே இரண்டு தோளில் ஒன்று மட்டும் தொட்டுக்கொண்டிருக்கும். சில தோட்டா போனதும் பின்முனை பிளக்கும். அப்புறம் "மரம் சரியில்லை" என்பார்கள்.

சரி, என்ன மரம்?

முதல் மரியாதை காஷ்மீர் வால்நட்டுக்கு. அடி தாங்கும், உளிக்கு வணங்கும், காய்ந்த பிறகு அதிகம் அசையாது. விலை அதிகம், கிடைப்பதும் கஷ்டம்.

எல்லோரும் கேட்பது தேக்கு. வட சென்னையில் பழைய வீடு இடித்த மரக் கடைகளில் பர்மா தேக்கு உத்தரம் கிடைக்கும். நூறு வருடம் காய்ந்தது, ஒரு சொட்டு ஈரம் இருக்காது. தண்ணீருக்கும் கறையானுக்கும் அதை மிஞ்ச ஆளில்லை. ஆனால் கதவுக்கும் துப்பாக்கிக்கும் வேலை வேறு. தேக்கு திடீர் அடியில் நார்வாக்கில் பிளக்கிற மரம். பட்டுக்குத் தாராளமாகப் போடலாம். முன் கட்டைக்குப் போட்டால் தோள் இடத்தில் மட்டும் வேறு கடின மரத்தைப் பதிக்க வேண்டும். இன்னொன்று, தேக்கில் எண்ணெய் உண்டு, ஒட்டுவதற்கு முன் தின்னரால் நன்றாகத் துடைக்காவிட்டால் எந்தப் பசையும் உரிந்து வந்துவிடும். உளியும் சீக்கிரம் மழுங்கும்.

மென்மையான மரத்தைப் போட்டால் என்ன செய்வது என்பதற்கு ஆஸ்திரேலியாக்காரர்கள் ஒரு வழி கண்டார்கள். லித்கோ தொழிற்சாலையில் வால்நட் கிடைக்காமல் உள்ளூர் மரங்களுக்கு மாறியபோது, தோள் இடத்தில் செம்புத் தகடு வைத்தார்கள். நம் ஊரில் தேக்குக்கும் அது நல்ல யோசனைதான்.

ஈட்டி மரம் (ரோஸ்வுட்) உறுதியானது, அழகும் கூட. கனம் தோளைப் பிய்க்கும். காவல் வேலைக்கு நாள் முழுதும் சுமக்கிறவர்களுக்கு நான் சொல்லமாட்டேன். அந்த மரத்துக்குச் சட்டக் கட்டுப்பாடும் உண்டு, பில் இல்லாமல் வாங்காதீர்கள்.

எந்த மரமானாலும் வைரம் பாய்ந்த பகுதியாக இருக்க வேண்டும். வெளிறு, அதாவது வெளிப்புற இளமரம், ஒரு விரல் அகலம் வந்தாலும் வேண்டாம். பட்டின் கழுத்துப் பகுதியில் ரேகை நீளவாக்கில் ஓட வேண்டும்; குறுக்கே ஓடினால் அந்த இடத்தில்தான் முறியும்.

பட்டைக் கழற்றப் பார்த்தேன். திருகு சுற்ற மறுக்கிறது.

நல்லவேளை, நிறுத்திவிட்டீர்கள் என்று நம்புகிறேன். முன் கட்டையைக் கழற்றாமல் பட்டின் திருகைத் தொடவே கூடாது. மார்க் 3-இல் அந்த நீளத் திருகின் முனை சதுரமாக இருக்கும். அது உடலைத் தாண்டி வந்து, முன் கட்டையின் பின்புறம் இருக்கும் ஒரு சின்னத் தகட்டில் மாட்டிக்கொண்டிருக்கும், தளராமல் இருப்பதற்காக. அப்படியே திருப்பினால் சதுர முனை தகட்டைச் சுழற்றும், தகடு முன் கட்டையைப் பிளக்கும். நல்ல கட்டைகள் பலவற்றின் கதை இப்படித்தான் முடிந்திருக்கிறது.

முதலில் முன் கட்டை. அப்புறம் பட்டின் பித்தளைத் தகட்டில் இருக்கும் சின்னக் கதவைத் திறந்து, உள்ளே அடைத்திருக்கும் தோல் வில்லையை எடுக்க வேண்டும். அதற்குப் பின்னால், ஆழத்தில், திருகின் தலை. ஒரு அடிக்குக் குறையாத நீளமும் அகலமான வாயும் உள்ள ஸ்க்ரூடிரைவர் வேண்டும். தோல் வில்லையைத் தூக்கிப் போடாதீர்கள், திரும்ப வேண்டும்.

பட்டில் மேலே 'எல்' என்றோ 'எஸ்' என்றோ எழுத்து அடித்திருக்கிறதே?

நீள அளவு. எழுத்து இல்லாதது சாதாரண நீளம். எல் என்பது அரை அங்குலம் நீளம், எஸ் அரை அங்குலம் குட்டை, பி ஒரு அங்குலம் குட்டை. நம் ஆட்களில் பலருக்கு எஸ்தான் பொருந்தும். முழங்கையை மடக்கி அதில் பட்டை வைத்தால் ஆள்காட்டி விரல் டிரிகரில் சிரமமில்லாமல் போய் நிற்க வேண்டும். புதுப் பட்டு செய்யும்போது இதைச் சொல்லாமல் விட்டால், பழைய நீளத்திலேயே செய்துவிடுவார்கள்.

பட்டு உடலின் குழிக்குள் கொட்டாப்புளியால் தட்டித்தான் இறங்க வேண்டும். கையால் தள்ளினாலே முழுதும் போனால் தளர்வு. திருகை எவ்வளவு முறுக்கினாலும் மறுநாள் ஆடும்.

முன் கட்டையை உட்காரவைப்பது என்றால் உண்மையில் என்ன செய்கிறார்கள்?

முழு வேலையும் இதுதான், மீதியெல்லாம் அலங்காரம். வரிசை மாறக் கூடாது: பின்னால் இருந்து முன்னுக்கு வர வேண்டும். குழல் வாய்ப் பக்கத்தில் இருந்து தொடங்குகிறவரிடம் துப்பாக்கியைக் கொடுக்காதீர்கள்.

மேகசின் (தோட்டாப் பெட்டி) உட்காரும் பள்ளத்துக்குப் பின்னால், இடதும் வலதுமாக, கட்டைக்குள் இரண்டு தோள்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் கட்டைவிரல் நகம் அளவுதான். சுடும்போது இரும்பு உடல் பின்னால் பாய்ந்து இந்த இரண்டு இடத்தில்தான் மரத்தை இடிக்கிறது. இரண்டும் ஒரே நேரத்தில், முழுப் பரப்பும் தொட வேண்டும்.

அதைக் கண்டுபிடிக்க, இரும்பில் விளக்குக் கரியை எண்ணெயில் குழைத்து மெல்லிசாகத் தடவுவார்கள். ஃபிட்டர் வேலை தெரிந்தவர்கள் மார்க்கிங் புளூ போடுவார்கள், அதுவும் சரி. கட்டையை மாட்டி, பின்னோக்கி ஒரு தட்டு, உடனே கழற்றல். இடது தோளின் கீழ் மூலையில் மட்டும் ஒரு கடுகளவு கறுப்பு ஒட்டியிருக்கும், வலது வெள்ளையாக இருக்கும். அந்தக் கடுகை மட்டும் உளியால் சுரண்ட வேண்டும். செதுக்கக் கூடாது, சுரண்ட வேண்டும். மறுபடி கரி, மறுபடி தட்டு. கறுப்பு கொஞ்சம் கொஞ்சமாகப் பரவி, இரண்டு பக்கமும் ஒரே மாதிரி பூசியது போல வரும் வரை இப்படியே போகும். இதில் அவசரம் காட்டுகிறவர் கையில் கட்டை தளர்ந்துவிடும். எடுத்த மரத்தைத் திரும்ப வைக்க முடியாது.

தோள் முன்பே நசுங்கியிருந்தால், கெட்ட மரத்தைச் சதுரமாக வெட்டி எடுத்துக் கடின மரத் துண்டு பதிப்பார்கள். துண்டின் ரேகை குழலுக்கு இணையாக, அடி வரும் திசையில் இருக்க வேண்டும். குறுக்கு ரேகையில் பதித்தால் திரும்பவும் நசுங்கும்.

அடுத்து, கட்டையின் பின்முனை இரும்பைத் தொடவே கூடாது. அங்கே ஒரு விசிட்டிங் கார்டு புகும் இடைவெளியாவது வேண்டும். தொட்டால், அடியைத் தோள்களுக்குப் பதில் அந்த மெல்லிய முனை வாங்கிக்கொண்டு பிளந்துவிடும். இடைவெளியைப் பார்த்து "கட்டை சரியாகப் பொருந்தவில்லை, பட்டி வைத்து அடையுங்கள்" என்று சண்டை போடும் வாடிக்கையாளர்கள் இருக்கிறார்கள். அடைக்காதீர்கள் சார், அது அங்கே இருக்க வேண்டிய இடைவெளி.

அப்புறம் டிரிகர் கார்டின், அதாவது டிரிகரைச் சுற்றியிருக்கும் இரும்புக் காப்பின், முன் திருகு. அது கட்டையைத் துளைத்து மேலே உடலில் ஏறுகிறது. துளைக்குள் ஒரு சின்ன இரும்புக் குழாய் இருக்கும், காலர் என்பார்கள். மரம் அந்தக் காலரை விட ஒரு மயிரளவு உயரமாக இருக்க வேண்டும். திருகை முறுக்கும்போது முதலில் மரம் இறுகி, கடைசிக் கால் சுற்றில் காலர் பிடித்து நிற்கும். மரம் தாழ்ந்திருந்தால் திருகு இறுகினது போலத் தெரியும், உள்ளே கட்டை ஆடும். காலரைத் தொலைத்துவிட்டு மாட்டுகிறவர்களும் உண்டு, அப்போது திருகு முறுக்க முறுக்க மரம் நசுங்கிக்கொண்டே போகும்.

இது முடிந்த பிறகுதான் குழலின் அடிப்பகுதி. உடலோடு சேரும் முதல் ஒரு அங்குலம் கட்டையில் நன்றாக அமர வேண்டும். அதற்கு முன்னால் உள்ள பள்ளம் பக்கவாட்டில் எங்கும் உரசக் கூடாது.

மழைக்காலத்தில் டிரிகர் மாறிவிடுகிறது. கட்டைக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?

நேரடிச் சம்பந்தம். ராயபுரத்தில் இருந்து வரும் ஒரு பெரியவர், பழைய ராணுவக்காரர், ஒவ்வொரு கார்த்திகையிலும் வந்து "தம்பி, போன மாசம் வரைக்கும் ரெண்டு கட்டமா வந்துச்சு, இப்ப ஒரே இழுப்பா போவுது" என்பார். அவர் சொல்வது கற்பனை அல்ல. இந்த டிரிகர் முதலில் லேசாக, பிறகு அழுத்தமாக, இரண்டு கட்டமாக வர வேண்டும்.

இந்த ரைஃபிளில் டிரிகர் இரும்பு உடலில் தொங்கவில்லை, டிரிகர் கார்டில் தொங்குகிறது. கார்டுக்கும் உடலுக்கும் நடுவே இருப்பது மரம். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் மரம் ஊதினால் கார்டு கீழே தள்ளப்படும், டிரிகர் சியரை (சுடும் ஊசியின் பின்பாகமான காக்கைப் பிடித்து நிறுத்தும் கொக்கியை) விட்டு விலகும், முதல் கட்டம் நீளும், இரண்டாவது தெரியாமல் போகும். சித்திரை வெயிலில் மரம் சுருங்கினால் எதிர்ப்பக்கம். இதுதான் ஆபத்தானது: டிரிகர் சும்மா இருக்கும்போதே சியரை அழுத்திக்கொண்டிருக்கும், பிடி குறைந்துவிடும். காலர் சரியான உயரத்தில் இருந்தால் இந்த ஆட்டம் மிகவும் சிறிது. யாராவது அதை அரத்தால் குறைத்திருந்தால்தான் வினை. பிரிட்டிஷ்காரர்களே பின்னால் வந்த நம்பர் 4 மார்க் 2 மாடலில் டிரிகரை உடலிலேயே தொங்கவிட்டார்கள். .315-க்கு அந்தப் பாக்கியம் இல்லை.

எனவே புதுக் கட்டை போட்ட பிறகு டிரிகரைச் சோதிக்காமல் வாங்காதீர்கள். காலித் துப்பாக்கி, மேகசின் வெளியே, தோட்டா அறையைக் கண்ணால் பார்த்துவிட்டு, காக்கைப் பின்னால் நிறுத்தி, பட்டை ரப்பர் விரிப்பில் நாலு தடவை தட்டச் சொல்லுங்கள். காக் விழக் கூடாது. சேஃப்டி போட்டு டிரிகரை இழுத்து, விட்டு, சேஃப்டியை எடுத்தாலும் விழக் கூடாது.

மரத்தைச் சுரண்டிக்கொண்டிருப்பதற்குப் பதில் ரெசின் ஊற்றினால் என்ன? காசிமேட்டில் ஃபைபர் படகுக்குப் போடுகிறார்களே?

நல்ல கேள்வி. காசிமேட்டில் வாரத்துக்கு ஒரு முறையாவது யாராவது கேட்கிறார்கள் போலிருக்கிறது, கையில் மீந்த ரெசின் டப்பாவோடே வருகிறார்கள். அது பாலியெஸ்டர் ரெசின். கோபால்ட்டும் கேட்டலிஸ்ட்டும் கலந்து, கண்ணாடி நார் மேட் மேல் பூசி, படகின் உடம்புக்கு அருமையாக நிற்கும். ஆனால் இறுகும்போது சுருங்கும். படகில் அது தெரியாது. நகமளவு தோளில் அந்தச் சுருக்கமே நாம் மூடப் பார்த்த இடைவெளியைத் திரும்பத் திறந்துவிடும். எண்ணெய் இறங்கிய மரத்திலும் அதன் பிடி மோசம்.

எபாக்ஸி வேறு வகை. அரால்டைட் மாதிரி மெதுவாக இறுகும் எபாக்ஸி மிகக் குறைவாகத்தான் சுருங்கும். தோளுக்குப் பின்னாலும் காலரைச் சுற்றியும் மெல்லிய படலமாக வைப்பது நல்ல வேலைதான், நாங்களும் செய்கிறோம். ஐந்து நிமிட ரகம் வேண்டாம், அது சூட்டுக்கும் அடிக்கும் இளகும். இரும்பில் மெழுகு பாலிஷ் இரண்டு பூச்சு போட்டு, துளைகள், பள்ளங்கள் எல்லாவற்றையும் களிமண்ணால் அடைத்துவிட்டுத்தான் மாட்ட வேண்டும். ஒரு துளையில் ரெசின் புகுந்து இறுகினால் கட்டையை உடைத்துத்தான் எடுக்க முடியும்.

ஒரு எச்சரிக்கை: ரெசின், மோசமான பொருத்தத்தை மறைக்கவும் உதவும். கட்டை முழுதும் ரெசின் நிரப்பித் தருகிறேன் என்று ஒருவர் சொன்னால், கரி தடவிப் பார்த்தீர்களா என்று கேளுங்கள்.

குழல் எதையும் தொடாமல் இருந்தால்தான் குறி சரியாக இருக்கும் என்கிறார்களே?

கனமான குழல் உள்ள போட்டி ரைஃபிளுக்குச் சரி. ராணுவ மார்க் 3 அப்படிக் கட்டப்பட்டதல்ல. அதன் மெல்லிய குழலை வாய்க்குப் பக்கத்தில் ஒரு ஸ்பிரிங் வைத்த குமிழ் கீழே இருந்து மேலே தாங்குகிறது. புதுக் கட்டையில் அந்தச் சின்ன ஸ்பிரிங்கை மறந்துவிட்டால் குண்டு எங்கெங்கோ போகும். கட்டையின் முன்முனையில் இருக்கும் மூக்கு மூடிக்குள் மட்டும் குழல் தாராளமாக இருக்க வேண்டும். விரலால் மேலே தள்ளிவிட்டால் தானாகப் பழைய இடத்துக்கு வர வேண்டும்.

.315-இல் இந்தத் தொல்லை இல்லை. கட்டை குட்டை, குழலின் பெரும்பகுதி வெளியே. பின்பகுதி சரியாக இருந்தால் போதும்.

மேல் பூச்சு? வார்னிஷ் அடித்தால் பளபளவென்று இருக்குமே?

இருக்கும், ஒரு மழைக்காலம் வரை. எண்ணூர், காசிமேடு காற்றில் உப்பு இருக்கிறது. வார்னிஷ் எங்காவது கீறினால் ஈரம் உள்ளே போய் வெளியே வர வழியில்லாமல் நிற்கும், வெண்திட்டு விழும். ராணுவத்தில் ஆளி விதை எண்ணெய்தான். பெயிண்ட் கடையில் டபுள் பாயில்டு லின்சீட் ஆயில் என்று கேளுங்கள். கையால் மெல்லிசாகத் தேய்த்து, மிச்சத்தைத் துடைத்துவிட்டு, நன்றாகக் காய்ந்த பிறகு அடுத்த பூச்சு. தடிப்பாகப் பூசினால் மாதக் கணக்கில் பிசுபிசுக்கும். உட்புறத்திலும், முக்கியமாகக் கட்டையின் வெட்டுமுனைகளிலும் பூச வேண்டும், ஈரம் அதிகம் ஏறுவது அங்கேதான்.

எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். அது தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் கொடியில் போடுங்கள், அல்லது தண்ணீரில் நனைத்துவிடுங்கள்.

தேர்தலுக்காகக் காவல் நிலையத்தில் ஒப்படைத்துத் திரும்ப வாங்கியதும், கட்டையைக் கழற்றிக் குழலின் அடிப்பக்கத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். மரம் ஈரம் குடித்திருந்தால், வெளியே ஒன்றும் தெரியாமல், உள்ளே குழலில் துரு ஓடியிருக்கும்.

எவ்வளவு நாளாகும்?

மரம் காய்ந்திருந்தால் பொருத்தும் வேலை சில நாள், எண்ணெய்ப் பூச்சு அதைவிட அதிக நாள். மரம் காயவில்லை என்றால் அடுத்த கோடை முடியட்டும். மழைக்காலத்தில் பொருத்திய கட்டை மே மாதத்தில் தளரும். ஆவணி, புரட்டாசி நல்ல நேரம். நாளைக்கே வேண்டும் என்பவருக்கு நாங்கள் பழைய கட்டையையே ஒட்டிக் கொடுக்கிறோம்.

பழைய கட்டையை என்ன செய்வது?

கையோடு கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பின்னால் ஒட்டுப் போட வேண்டி வந்தால் அதே மரம், அதே நிறம். அதோடு பித்தளைத் தகடு, வளையங்கள், திருகுகள் எல்லாம் எண்ணி வாங்குங்கள். அந்தத் திருகுகளின் மரை இன்றைக்குக் கடையில் கிடைக்கும் மெட்ரிக் மரை அல்ல. ஒன்று தொலைந்தாலும் பிராட்வே முழுக்க அலைந்தாலும் கிடைக்காது, கடைசல் பட்டறையில் தனியாகக் கடைந்துதான் வாங்க வேண்டும்.